தம்பியின் ரிப்போர்ட்டில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது: "வளராதே" என்று உடம்பு சொல்வது புற்றுநோய்ச் செல்லுக்கு ஏன் கேட்கவில்லை?

மெய்ப்பு_வளர்மதி (சிவகாசி) கேட்டது:

வணக்கம். என் தம்பிக்கு வயது 41. பிப்ரவரியில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. கீமோ நான்கு சுற்று முடிந்திருக்கிறது. சாப்பாடு இறங்குகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் விரல் நுனியில் ஊசி குத்துகிறது என்கிறான். அதனால் பாத்திரம் தொடவே நான் விடுவதில்லை.

எடுத்த கட்டியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். பதினொரு பக்க ரிப்போர்ட் வந்தது. மருத்துவமனையில் அதை எங்களுக்கு விளக்க ஒதுக்கிய நேரம் நான்கு நிமிடம். "எம்எஸ்ஐ ஹை. பின்னால் தேவைப்பட்டால் இம்யூனோதெரபி கொடுக்கலாம், நல்லதுதான்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவள். காலண்டர், டைரி, பாட நோட்டு, கல்யாணப் பத்திரிகை என்று 19 வருடம் ஓடிவிட்டது. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தால் வரி வரியாகப் படித்துத்தான் பழக்கம். அப்படிப் படித்தபோது ஏழாவது பக்கத்தில் ஒரு வரி கண்ணில் நின்றது. டிஜிஎஃப்பிஆர்2 என்று ஒரு மரபணு, பக்கத்தில் கே128, அதற்கும் பக்கத்தில் ஃபிரேம்ஷிஃப்ட். தேடிப் பார்த்தேன். டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை உண்டாக்கும் மரபணு அது என்று தெரிந்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் அந்தப் புரதம், மற்ற செல்களிடம் "போதும், வளராதே" என்று சொல்லுமாம்.

எனக்கு மூன்று கேள்விகள். உடம்பு நிறுத்தச் சொல்லியும் தம்பியின் கட்டி எப்படி வளர்ந்தது? கேட்கவில்லையா, கேட்டும் மதிக்கவில்லையா? அந்தப் புரதத்தை மருந்தாக இன்னும் கூடுதலாகக் கொடுத்தால் அடங்குமா? இன்னொன்று, நிறுத்தச் சொல்லும் புரதத்துக்கு "உருமாற்றும் வளர்ச்சிக் காரணி" என்று ஏன் பெயர் வைத்தார்கள்? மெய்ப்பில் பார்த்திருந்தால் தவறு என்று சுழித்திருப்பேன்.

கண்ணாடித்தட்டு_மலர் எழுதியது:

அக்கா, என் முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடம் இந்த ஒரே புரதத்தோடுதான் இருந்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுதுகிறேன். மருத்துவர் அல்ல நான், செல் வளர்ப்பவள். தம்பியின் சிகிச்சை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரி பற்றி மட்டும்.

முதலில் பெயர். நீங்கள் சுழித்தது சரிதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அனிதா ராபர்ட்ஸும் மைக்கேல் ஸ்போர்னும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். எலியின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த நார்த்திசுச் செல்களில் அதைப் போட்டால், புற்றுநோய்ச் செல்போல அவை அகார் கூழுக்குள் தனித்து வளர்ந்தன. அதனால் "உருமாற்றும் வளர்ச்சிக் காரணி" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் ராபர்ட் ஹாலி, வேறொரு ஆராய்ச்சிக்காக 1968இல் நோபல் வாங்கியவர், குரங்கின் சிறுநீரகச் செல்கள் தங்கள் வளர்ச்சியைத் தாங்களே நிறுத்த ஒரு பொருளைச் சுரப்பதைப் பிடித்து வைத்திருந்தார். 1984இல் அவரும் ஹரோல்ட் மோசஸின் குழுவும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒன்றேதான்! வளர்க்கும் என்று பெயர் வைத்த பொருள் பெரும்பாலான செல்களை நிறுத்துகிறது. பெயரை மாற்ற நேரம் கடந்துவிட்டிருந்தது.

அது நிறுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மிங்க் என்று கீரியைப் போன்ற ஒரு பிராணி. அதன் நுரையீரல் செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவுக்கு அத்தனை சீக்கிரம் கட்டுப்படும் என்பதால் இந்தத் துறையில் எல்லோரும் அவற்றைத்தான் அளவுகோலாக வைத்திருப்பார்கள். என் முதல் வருடத்தில் எங்கள் மேடம் இரண்டு தட்டு போடச் சொன்னார். ஒன்றில் மிங்க் செல்கள். மற்றதில் எச்சிடி116, ஒரு மனிதரின் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வளர்த்தெடுத்த செல்கள். இரண்டிலும் டிஜிஎஃப்-பீட்டா, மில்லி லிட்டருக்கு 5 நானோகிராம். இரண்டு நாள் கழித்து இன்குபேட்டரைத் திறந்தேன். மிங்க் தட்டில் செல்கள் ஒன்றையொன்று தொடாமல், விரிந்து, அகலமாக, அசையாமல் இருந்தன. எச்சிடி116 தட்டில் இடமே இல்லை. மருந்து போட மறந்துவிட்டேனோ என்று பயந்து, மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. அப்புறம்தான் மேடம் சொன்னார்: "அந்தச் செல்லுக்குக் காது கிடையாது. உன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை."

எச்சிடி116இல் என்ன காது போயிருக்கிறதோ, அதேதான் தம்பியின் ஏழாவது பக்கத்திலும் இருக்கிறது.

டிஜிஎஃப்பிஆர்2 மரபணுவின் எழுத்து வரிசையில் ஓரிடத்தில் "ஏ" என்ற எழுத்து பத்துமுறை அடுத்தடுத்து வருகிறது. ஒரே எழுத்து பத்து தடவை வந்தால் அச்சுக் கோப்பவருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செல் பிரியும்போது படி எடுக்கும் இயந்திரமும் அங்கே வழுக்கும். ஒன்பது போடும், பதினொன்று போடும். வழக்கமாக இதைத் திருத்த எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்று சில புரதங்கள் பின்னாலேயே மெய்ப்பு பார்த்துக்கொண்டு வரும். உங்கள் வேலைதான். எம்எஸ்ஐ ஹை என்றால் அந்த மெய்ப்பு பார்ப்பவர் அந்தக் கட்டியில் இல்லை என்று பொருள்.

ஓர் எழுத்து போனால் என்ன என்று கேட்கலாம். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும், இடைவெளி கிடையாது. "மரம்பழம்கடல்மலர்" என்று எழுதி மும்மூன்றாகப் பிரித்தால் மரம், பழம், கடல், மலர். அந்த ஒரு "ர"வை எடுத்துவிடுங்கள். மம்ப, ழம்க, டல்ம, லர். விடுபட்ட இடம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வரும் அத்தனையும் பொருளிழந்து போகிறது. ஃபிரேம்ஷிஃப்ட் என்பது இதுதான். கொஞ்ச தூரத்திலேயே தற்செயலாக "முற்றும்" என்று ஒரு குறி வந்து படிப்பு நின்றுவிடும். ஏற்பியின் மொத்த நீளம் 567 அமினோ அமிலங்கள். இந்தப் பிழையில் மூன்றில் ஒரு பங்கு வருவதற்குள், செல் சவ்வைத் துளைத்து உள்ளே போகும் பகுதி வருவதற்கும் முன்னால், அறுந்துவிடுகிறது. பெருங்குடல் புற்றில் இதை 1995இல் சான்ஃபோர்ட் மார்கோவிட்ஸின் குழு கண்டுபிடித்து எழுதியது. அதே ஆண்டு, மைக்கேல் பிராட்டெய்னின் ஆய்வகம் எச்சிடி116 செல்களுக்குள் பழுதில்லாத ஏற்பி மரபணுவை வைத்துப் பார்த்தது. காது திரும்பி வந்தது. எலிகளில் கட்டி உண்டாக்கும் வேகமும் குறைந்தது.

காது இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிஎஃப்-பீட்டா வந்து ஏற்பி2ஐப் பிடிக்கும். அது ஏற்பி1ஐ எழுப்பும். அது ஸ்மாட்2, ஸ்மாட்3 என்ற தூதர்களை அனுப்பும். அவை ஸ்மாட்4ஐக் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குள் போய், பி15, பி21 என்ற தடைப் புரதங்களைக் கூட்டி, மிக் என்ற வளர்ச்சி மரபணுவை அமர்த்தும். செல் பிரிவதை நிறுத்திவிடும். குடலின் உட்சுவரில் இது அன்றாடம் நடக்க வேண்டிய வேலை. குழியின் அடியில் பிறக்கும் செல் மேலே ஏறி, நான்கைந்து நாளில் உதிர்ந்துவிட வேண்டும்.

சொல்லைக் காதிலிருந்து உட்கரு வரை கொண்டுபோகும் இந்தக் கம்பியை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். கணையப் புற்றில் ஏற்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், நடுவில் ஸ்மாட்4தான் போயிருக்கும். சுமார் பாதிக் கட்டிகளில் அது இல்லை. 1996இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். வேறு சில கட்டிகளில் கம்பி முழுதாக இருந்தும் கடைசியில் இருக்கும் பி15 அழிந்திருக்கும். இன்னும் சில செல்களில் எல்லாமே வேலை செய்யும், ஆனால் "நில்" என்று சொன்னதை "நகர்" என்று எடுத்துக்கொண்டு திசுவை விட்டுக் கிளம்பிவிடும். எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: சில புற்றுகள் கேட்டும் வேறு பொருள் கொள்கின்றன, உங்கள் தம்பியுடையது கேட்கவே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செல் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. மெய்ப்பு இல்லாத கட்டியில் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுத்துப் பிழை விழுந்திருக்கும், பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. தற்செயலாக இந்தப் பத்து "ஏ"வில் பிழை விழுந்த செல்லுக்கு மட்டும் பக்கத்துச் செல்கள் நிற்கும்போது தான் பிரிய முடிந்தது. அதன் பிள்ளைகள் பெருகின. தம்பி சாப்பிட்டதோ, வேலை பார்த்ததோ, நீங்கள் கவனிக்காமல் விட்டதோ அந்த எழுத்தை அழிக்கவில்லை. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும்போது நினைத்திருப்பீர்கள் என்று தோன்றியது.

கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், கூடாது அக்கா. காது இல்லாதவருக்குச் சத்தம் கூட்டிப் பயனில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், காது உள்ளவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். டி செல்கள். புற்றைக் கொல்ல வருகிற அந்தச் செல்களும் டிஜிஎஃப்-பீட்டாவுக்குக் கட்டுப்படும், அவற்றை அடக்குவதுதான் அதன் முக்கியமான வேலையே. 1992இலும் 1993இலும் டிஜிஎஃப்-பீட்டா1 மரபணு இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். பிறந்து மூன்று நான்கு வாரத்தில் உடம்பெங்கும் அழற்சி பரவிச் செத்தன, எதிர்ப்புச் செல்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல். ஆக, புற்று தன் காதை அறுத்துக்கொண்டு, தன்னை அடக்க வந்த சொல்லையே காவலர்களை அடக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆறு வருடமும் என்னை விடாமல் பிடித்து வைத்திருந்தது இந்த இடம்தான். 2018இல் பார்சிலோனாவில் எட்வர்ட் பத்லேயின் குழு குடல் புற்று உள்ள எலிகளில் இதைக் காட்டியது: டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்ததும் டி செல்கள் கட்டிக்குள் நுழைந்தன.

அப்படியானால் தடுத்துவிடலாமே என்றால், மனிதர்களில் அது அவ்வளவு எளிதாக வரவில்லை. டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுக்கும் ஓர் எதிர்ப்பொருளை மெலனோமா என்ற தோல் புற்று உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது சிலருக்குத் தோலில் புதுக் கட்டிகள் முளைத்தன. அந்தத் தோல் செல்கள் அதுவரை "வளராதே" என்ற சொல்லைக் கேட்டு அடங்கியிருந்தவை. டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுக்கும் பின்ட்ராஃபஸ்ப் ஆல்ஃபா என்ற இன்னொரு மருந்தின் நுரையீரல் புற்று ஆய்வும் 2021இல் நிறுத்தப்பட்டது. ஒரே சொல்லை ஓரிடத்தில் நிறுத்தி, இன்னோரிடத்தில் விட்டுவைக்கும் வித்தை இன்னும் கைக்கு வரவில்லை.

மெய்ப்பு_வளர்மதி எழுதியது:

மலர், இதை மூன்று முறை படித்தேன். தம்பிக்கும் படித்துக் காட்டினேன். "மம்ப ழம்க"வில் சிரித்துவிட்டான், பிப்ரவரிக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. உங்கள் கடைசிப் பத்திக்கு முன்னால் எழுதியிருந்ததை, நான் கவனிக்காமல் விட்டது பற்றி, நான்தான் இரண்டாம் முறை படித்தேன். நன்றி.

இப்போது வேறு பயம். இம்யூனோதெரபி என்பது டி செல்லை எழுப்பிவிடுவதுதானே. டி செல்லும் ஏதோ ஒரு புரதத்தால்தானே புற்றிடம் பேசும்? அந்தக் காதையும் அது அறுத்துக்கொண்டால்?

ராஜா_செயின்ட்_லூயிஸ் எழுதியது:

அக்கா, மிகச் சரியான கேள்வி. நான் இங்கே நோயெதிர்ப்பியலில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில்தான், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ராபர்ட் ஷ்ரைபரின் குழு இதற்கான அடிப்படையைப் போட்டது.

டி செல் பேசும் முக்கியமான சொல் இன்டர்ஃபெரான் காமா. (இன்டர்ஃபெரான் என்ற பெயர் 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லின்டன்மானும் வைத்தது. வைரஸுக்கு இடையூறு செய்கிறது என்பதற்காக.) அது புற்றுநோய்ச் செல்லிடம் இரண்டு வேலை சொல்லும்: "பிரியாதே", "உனக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வாசலில் காட்டு". இந்தக் காதுக்கும் கம்பி உண்டு. ஏற்பி, ஜாக்1, ஜாக்2, ஸ்டாட்1. 1998இலும் 2001இலும் ஷ்ரைபர் குழு எலிகளில் காட்டியது, இன்டர்ஃபெரான் காமாவைக் கேட்க முடியாத எலிகளுக்குக் கட்டிகள் கூடுதலாக வருகின்றன என்று.

உங்கள் பயம் நடந்தும் இருக்கிறது. 2016இல் லாஸ் ஏஞ்சலஸில் அன்டோனி ரிபாஸின் குழு, பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தில் நன்றாகச் சுருங்கி, நெடுநாள் கழித்து மீண்டும் வளர்ந்த மெலனோமா கட்டிகளை நான்கு பேரிடம் முன்னும் பின்னும் படித்துப் பார்த்தது. ஒருவரிடம் ஜாக்1, இன்னொருவரிடம் ஜாக்2 அறுந்திருந்தது. மூன்றாமவரிடம், வாசலில் துண்டைக் காட்டும் தாங்கியான பி2எம் அறுந்திருந்தது. எம்எஸ்ஐ கட்டிகளிலும் ஜாக்1, பி2எம் இரண்டிலும் இதே எழுத்து வழுக்கல் காணப்படுகிறது. மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். பி2எம் போன எம்எஸ்ஐ குடல் கட்டிகள் பலவும்கூட இம்யூனோதெரபிக்குச் சுருங்கியிருக்கின்றன, வேறு வகை எதிர்ப்புச் செல்கள் அங்கே வேலை செய்கின்றன. அப்புறம் அந்த "மம்ப ழம்க" இருக்கிறதே, அது உடம்பில் வேறெங்கும் இல்லாத சொல். அந்த அறுந்த ஏற்பியின் வாலில் வரும் தவறான துண்டை டி செல்கள் அடையாளம் கண்டு தாக்குவதை 2001இலேயே ஆஸ்லோவில் காட்டினார்கள். செல்லைச் செவிடாக்கிய அதே பிழை அதை டி செல்லுக்குக் காட்டியும் கொடுக்கிறது. இப்படிப் பிழைகள் நிறைந்த கட்டி என்பதால்தான் 2017இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாபை எம்எஸ்ஐ ஹை கட்டிகளுக்கு, எந்த உறுப்பில் இருந்தாலும் சரி என்று அனுமதித்தார்கள். ஓர் உறுப்பின் பெயர் சொல்லாமல் புற்று மருந்துக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. உங்கள் மருத்துவர் "நல்லதுதான்" என்றதற்குள் இவ்வளவு இருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஜாக்1, பி2எம் என்று வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்லைடு_சுந்தரம் (மதுரை) எழுதியது:

அம்மா, நான் பேத்தாலஜி லேபில் 31 வருடம் ஸ்லைடு போட்டு ஓய்வு பெற்றவன். விஞ்ஞானம் இவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒன்று கேட்க வந்தேன்.

எம்எல்எச்1 சாயம் போட்ட ஸ்லைடில், நல்ல செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். உங்கள் தம்பி மாதிரி கட்டிகளில், கட்டி மொத்தமும் நீலமாக நிற்கும், நடுநடுவே பழுப்புப் புள்ளிகள் நிறைய நுழைந்திருக்கும். அவை கட்டிச் செல்கள் அல்ல, உள்ளே வந்த எதிர்ப்புச் செல்கள். அந்த ஸ்லைடை முதலில் பார்த்த நாளில், உடம்பு சும்மா இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்க வந்தது இதுதான். அந்த மெய்ப்புப் புரதம் கட்டியில் மட்டும் போனதா, பிறவியிலேயே ஒரு பிரதி பழுதா? 41 வயது என்பதால் கேட்கிறேன். வயதானவர்களுக்கு எம்எல்எச்1 பெரும்பாலும் கட்டியில் மட்டும் அணைந்திருக்கும், அவர்களில் பலருக்கு பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். இளம் வயதில், பிராஃப் மாற்றம் இல்லாமல் வந்தால், லின்ச் சின்ட்ரோம் என்ற அந்தப் பிறவிப் பழுதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். அது இருந்தால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கும். பெண்களுக்குக் குடலோடு கர்ப்பப்பையும் கவனிக்க வேண்டும். எம்எல்எச்1 பழுது இருப்பவர்கள் 20, 25 வயதிலிருந்தே ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தால், கட்டி ஆவதற்கு முன்பே மொட்டாக இருக்கும்போது எடுத்துவிடலாம். தாய் வீட்டு வழியில், தகப்பன் வீட்டு வழியில் யாருக்காவது இருந்ததா அம்மா?

மெய்ப்பு_வளர்மதி எழுதியது:

ராஜா, ரிப்போர்ட் முழுவதும் மறுபடி பார்த்துவிட்டேன். ஜாக்1, பி2எம் இரண்டும் "மாற்றம் இல்லை" என்ற பட்டியலில் இருக்கின்றன. தம்பியும் விரல் வைத்துப் பார்த்தான்.

சுந்தரம் அய்யா, எங்கள் அம்மா 49 வயதில் கர்ப்பப்பைப் புற்றில் போனார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, "வயிற்றுக் கட்டி"யில் போனார், அப்போது யாரும் எந்த இடம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்து இதுவரை நான் யோசித்ததே இல்லை. பிராஃப் வரியில் "கண்டறியப்படவில்லை" என்றிருக்கிறது.

நேற்று மருத்துவமனைக்குப் போன் செய்து, ரத்தப் பரிசோதனையும் மரபணு ஆலோசகரும் வேண்டும் என்று கேட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தம்பியோடு நானும் ரத்தம் கொடுக்கிறேன். மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவன் திருப்பூரில், இன்னொருத்தி சாத்தூரில். அத்தையிடம் இன்று சாயங்காலம் நேரில் போய்ப் பேசப்போகிறேன். மலர் எழுதிய மரம், பழம், கடல், மலர் நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவைத்திருக்கிறேன்.